ஆணைக்குழுவில் உட்காரப்போவது யார்?

இலங்கையில் உண்மையைக் கண்டறியும் ஆணைக்குழு என்று பேச்சு எழும்போதெல்லாம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் முதலில் வரும் கேள்வி, "நாங்க என்ன சாட்சி சொல்லலாம்?" என்பதுதான். ஹட்டன் பக்கம் சத்தியக்கடதாசி எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணி நான். அதைக் கேட்க யாரை நியமிக்கப்போகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள் என்பேன்.

தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். 2009 இறுதி யுத்தத்தில் அவர்களும் அகப்பட்டார்கள். தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்ட தங்கை இன்று காணாமல் போன அண்ணனைப் பற்றி எங்கே போய்ச் சொல்வது? 1977ஐ விசாரித்தது சன்சோனி ஆணைக்குழு. 2001இல் முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் அமைந்த ஆணைக்குழு பார்த்தது 1981 முதல் 1984 வரை. 2010இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு 2002 பெப்ரவரி முதல் 2009 மே வரை. அண்ணன் தோட்டத்தை விட்டது ஒரு கோப்பில், காணாமல் போனது இன்னொரு கோப்பில். திகதியை அரசாங்கம் குறிக்கிறது, சரி. ஆனால் "உங்கள் அண்ணன் ஏன் கிளிநொச்சிக்குப் போனார்?" என்று கேட்பதும் கேட்காமல் விடுவதும் உறுப்பினர் கையில். மலையகத் தமிழருக்கு 1948இல் பறிபோன குடியுரிமையையும், அவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அறியாதவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

2010 ஆணைக்குழுவின் எட்டுப் பேரில் தமிழரும் இருந்தார்கள், முஸ்லிமும் இருந்தார். பெண் ஒருவர்தான். இனக் கணக்கில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைவர் முன்னாள் சட்டமா அதிபர். இன்னொருவர் யுத்தம் முடிந்த நேரத்தில் ஐ.நா.வில் இலங்கையின் பிரதிநிதி. அவர்களின் தனிப்பட்ட நேர்மையை நான் கேள்வி கேட்கவில்லை. அரசுக்காகவே வாதாடிப் பழகியவர் முன்னால் அரசைப் பற்றி முறையிட ஒரு தாய்க்கு எப்படி வாய் வரும்?

தென்னாபிரிக்காவின் உண்மை ஆணைக்குழுவுக்கு 1995இல் பொதுமக்களிடம் பெயர் கேட்டார்கள், பகிரங்கமாக நேர்முகம் நடத்தினார்கள், அப்புறம்தான் மண்டேலா 17 பேரை நியமித்தார். அதன் முடிவுகளில் எனக்கு முரண்பாடுகள் உண்டு. தெரிவுமுறையில் இல்லை. பெரு நாட்டின் உள்நாட்டு மோதலில் கொல்லப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கெச்சுவா போன்ற பழங்குடி மொழிகள் பேசியவர்கள். அதை விசாரித்த 12 ஆணையாளர்களில் அந்த மொழிகள் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மலைநாட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

நம் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் காணாமற்போனோர் அலுவலகச் சட்டப்படி ஏழு உறுப்பினர்களையும் அரசியலமைப்புப் பேரவையின் சிபாரிசிலேயே ஜனாதிபதி நியமிக்க வேண்டும். அடுத்த ஆணைக்குழுவுக்கும் அதே முறையைக் கேட்கலாம். பேரவைக்குப் பெயர் போகும் முன்பே எழுத வேண்டும். நியமனம் வர்த்தமானியில் வந்தபின் சங்கங்கள் விடும் அறிக்கையால் ஒன்றும் ஆகாது.

கடிதத்தில் என்ன எழுதலாம்? உரைபெயர்ப்பாளர் இல்லாமல் தமிழில் கேட்கக்கூடியவர் எத்தனை பேர், பாதுகாப்புத் துறையிலோ சட்டமா அதிபர் திணைக்களத்திலோ முன்பு என்ன பதவி வகித்தார்கள், இது முழுநேர வேலையா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்துக்கே வந்து கேட்பார்களா என்பதையும் சேருங்கள். வேலை நாளில் நுவரெலியாவுக்கு வரச் சொன்னால் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும்.