பொறியாளர்: எலிப்பொறியும் எஞ்சினும்

ஆங்கிலேய ரயில் எஞ்சின் வடிவமைப்பாளர் நைஜல் கிரெஸ்லியைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் பதவிப்பெயரிலேயே பேனா நின்றுவிடும். 1893-ல் இங்கிலாந்தின் குரூ ரயில் பட்டறையில், பணம் கட்டித் தொழில் பழகும் பையனாகச் சேர்ந்தவர். 1911-ல் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் எஞ்சின் பிரிவுக்குத் தலைவர். 1923-ல் பல கம்பெனிகள் சேர்ந்து லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே ஆனபோது 'சீஃப் மெக்கானிக்கல் இன்ஜினியர்'. தலைமை இயந்திரப் பொறியாளர் என்று எழுதிவிடலாம். சரி, இதில் 'பொறி' எப்படி வந்தது?

இன்ஜினியருக்கு மூலம் லத்தீனின் 'இங்கேனியம்'. பிறவியிலேயே வாய்த்த சூட்டிகை என்று பொருள். அப்புறம் அந்தச் சூட்டிகையால் செய்த சாதனத்துக்கே அது பெயராயிற்று. இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சாதனம் பெரும்பாலும் கோட்டையை இடிக்கும் கருவி. அதைச் செய்தவரே முதல் இன்ஜினியர். பாலமும் கால்வாயும் கட்டியவர்கள் தாங்கள் படையைச் சேர்ந்தவர்கள் இல்லை என்று காட்டத்தான் 'சிவில்' என்ற அடைமொழியைப் போட்டுக்கொண்டார்கள். மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் 1847-ல் பர்மிங்காமில் தனிச்சங்கம் கண்டார்கள். முதல் தலைவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். 1936-ல் அதே நாற்காலியில் கிரெஸ்லி.

தமிழ்ப் 'பொறி'யும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருப்பது 'வளைவிற் பொறி', தானே வளைந்து அம்பெய்யும் கருவி. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிப் பறப்பது மயிற்பொறியில். வீட்டு மூலையில் கிடப்பது எலிப்பொறி. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் எஞ்சின் என்ற சொல் தேய்ந்து 'ஜின்' ஆகி, விலங்கு பிடிக்கும் கண்ணிக்குப் பெயராக நின்றது. இதைப் பார்த்த பிறகு 'பொறியாளர்' எனக்கு வெறும் மொழிபெயர்ப்பாகத் தெரியவில்லை. இலங்கையில் பொறியியலாளர் என்பார்கள், அதுவும் சரிதான்.

'மெக்கானிக்கல்' என்பதற்கு இயந்திரமா, எந்திரமா? இரண்டும் 'யந்திரம்' என்ற வடசொல்லின் வடிவங்கள். எந்திரம் புறநானூற்றிலேயே கரும்பாலையாக இரைகிறது. என் கைக்கு இயந்திரம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அமெரிக்க ஆங்கிலத்தில் ரயில் ஓட்டுநரும் 'இன்ஜினியர்'தான். அங்கே பொறியாளர் என்று போட்டால் பிழை. பிரிட்டனில் அந்தக் குழப்பம் இல்லை. 1938 ஜூலை 3 அன்று கிரெஸ்லி வடிவமைத்த 'மல்லார்ட்' எஞ்சின் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகம் தொட்டு நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்தபோது ஓட்டியவர் ஜோ டடிங்டன், அவர் டிரைவர். பொறியாளர் அன்று வண்டியிலேயே இல்லை. மல்லார்ட் என்றால் ஒரு வகைக் காட்டு வாத்து. கிரெஸ்லி வீட்டு அகழியில் காட்டு வாத்து வளர்த்த மனிதர்.

அந்த எஞ்சினின் நடு சிலிண்டரோடு சேர்ந்த பேரிங் அளவுக்கு மீறிச் சூடேறினால் சோம்பு வாசனை கிளம்பும்படி உள்ளே ஒரு குப்பி வைத்திருந்தார்கள். அன்று பேரிங் சூடேறிக் கெட்டே போனது. பீட்டர்பரோவில் வேறு எஞ்சின் பூட்ட வேண்டியதாயிற்று. சூட்டை மூக்குக்குக் காட்டிக்கொடுக்கும் அந்தக் குப்பியையும் பொறி என்றே சொல்வேன்.