கால்களை எண்ணி இனம் பிரிக்க முடியாத மண்வாசிகள்

வெள்ளவத்தையில் மழை விட்ட பிறகு, நாள்பட்ட பூச்சாடியைத் தூக்கினால் அடியில் மட்டத்தேளோ (பூரான்) மரவட்டையோ நெளியும். அந்த மாதிரி ஈரமண்ணில் இன்னும் இரண்டு பலகாலி வகுப்புகள் வாழ்கின்றன: சிம்பிலா, பவ்ரோபோடா. இரண்டுக்கும் கண் கிடையாது; வெளிறிய உடல். சிம்பிலா சில மில்லிமீட்டர் நீளம். பவ்ரோபோடா பெரும்பாலும் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது.

பிடிப்பதற்குப் புனல் போதும். வலைமேல் மண்ணைப் பரப்பி, மேலே மின்குமிழை எரியவிட்டால், மண் காயக் காய அவை ஈரம் தேடிக் கீழிறங்கி, புனலடியில் வைத்த எதனோலில் (மதுசாரம்) விழும்.

சரி, காலை எண்ணிப் பிரித்துவிடலாமா? முடியாது. வளர்ந்த சிம்பிலாவுக்கு 12 சோடிக் கால். பொரித்து வரும்போது 6 அல்லது 7 சோடிதான். பவ்ரோபோடாவில் பெரும்பாலானவை 3 சோடியோடு பிறந்து, தோலுரிக்கும்தோறும் 5, 6, 8 என ஏறி 9இல் நிற்கும். 3 சோடி என்றால் பூச்சி என்றல்லவா பள்ளியில் படித்தோம்! மரவட்டைக் குஞ்சும் 3 சோடியோடுதான் வரும். இதையும் வாயமைப்பையும் வைத்துப் பவ்ரோபோடாவை மரவட்டையின் நெருங்கிய உறவு என்றார்கள். சில மரபணு ஆய்வுகளோ அதைச் சிம்பிலா பக்கம் சேர்க்கின்றன. வழக்கு இன்னும் தீரவில்லை.

நம்பக்கூடிய அடையாளம் உணர்கொம்பு. சிம்பிலாவுக்கு அது மணிமாலை போல நீளும், பவ்ரோபோடாவுக்குக் கிளைவிடும். வேறெந்தப் பலகாலிக்கும் கிளைத்த கொம்பு இல்லை. இனம் வரை போக வேண்டுமானால் நுணுக்குக்காட்டியில் மயிர்களைத்தான் பார்க்க வேண்டும்: உடலின் எந்தத் தகட்டில், எத்தனை, என்ன நீளம். பவ்ரோபோடாவில் வாலடித் தகட்டின் வடிவமும் முக்கியம்.

இயற்கையியலாளர் ஜோன் லபக் 1866இல் இங்கிலாந்தில் தன் தோட்டத்தில் கண்ட பவ்ரோபோடாவுக்கு, விலங்கியலாளர் ஹக்ஸ்லியைக் கௌரவித்துப் பவ்ரோபஸ் ஹக்ஸ்லியி என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினம், அடுத்தது இனம். தோட்டப்பயிர் வேர்களைத் தின்னும் சிம்பிலாவின் பெயரை ஸ்கூட்டிஜெரெல்லா இம்மாகுலாட்டா (நியூபோர்ட், 1845) என்று எழுதுவார்கள். அடைப்புக்குறி சும்மா இல்லை. 1845இல் இதை முதலில் விவரித்த நியூபோர்ட் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் மாற்றினார்கள் என்று அது சொல்கிறது.

இலங்கைப் பவ்ரோபோடாக்களைப் பற்றி உல்ப் ஷெல்லரின் விரிவான ஆய்வு 1970இல் வந்தது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இங்கே மண்ணுயிர்களைச் சேகரித்ததன் பலன் அது. கொழும்பு மண்ணில் புதிய இனம் கிடைத்ததென்று சொல்ல விரும்புகிறவர் முதலில் அந்த விவரணைகளோடு மயிர் மயிராக ஒப்பிட வேண்டும். வேறுபாடு உறுதியானால், ஒரு மாதிரியைப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்து வெளியிடலாம். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அந்த ஒன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே கண்ணாடித் தகட்டில் ஏற்றும்போது உணர்கொம்பு ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.