ஃபேன்கோனி அனீமியா: 50 லட்சம் ரூபாய் வரை அரசு உதவி உண்டு, அதற்கு முன் ஒரு பரிசோதனை

குழந்தைக்கு பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது, எலும்பு மஜ்ஜை சரியாக வேலை செய்யவில்லை, ஏபிளாஸ்டிக் அனீமியா என்கிறார்கள். அப்படியானால் மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: குரோமோசோம் உடைவுப் பரிசோதனை எடுத்தாயிற்றா? இது ஃபேன்கோனி அனீமியா என்ற பரம்பரை நோயாக இருந்தால் சிகிச்சை முறையே வேறு, அரசு உதவிக்கும் தனி வழி இருக்கிறது.

நம் செல்களில் டி.என்.ஏ. தினமும் சேதமாகி, தினமும் சரியாகிறது. அதன் இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற சேதத்தைச் சரிசெய்ய 20-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து உழைக்கின்றன, அவற்றில் ஒன்று பழுதானாலும் இந்த நோய் வரலாம். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் பழுதாகியிருப்பது எஃப்.ஏ.என்.சி.ஏ. என்ற மரபணு. பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய், அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். அதற்காக அந்த அம்மாவைக் குறை சொல்வது அநியாயம்.

கட்டைவிரல் சிறுத்திருப்பது, உயரக் குறைவு, தோலில் காபி நிறத் திட்டுகள் எல்லாம் அடையாளங்கள். எதுவுமே இல்லாத குழந்தைகளும் உண்டு. ரத்தத்தை எடுத்து மைட்டோமைசின் போன்ற மருந்தோடு வைத்துப் பார்ப்பார்கள், குரோமோசோம்கள் அளவுக்கு மீறி உடைகின்றனவா என்று.

சரி, உதவிக்கு வருவோம். மத்திய அரசின் தேசிய அரிய நோய்க் கொள்கை 2021-இல், ஒரு முறை செய்யும் சிகிச்சையால் குணமாக்கக்கூடிய நோய்களின் முதல் குழுவில் ஃபேன்கோனி அனீமியா பெயரோடு இருக்கிறது. ஆரம்பத்தில் 20 லட்சம் என்றிருந்த உச்சவரம்பு 2022-இல் 50 லட்சமாக உயர்ந்தது. பணம் உங்கள் கணக்குக்கு வராது. இதற்கென அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்தில் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும், அங்குள்ள மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும், தொகை அந்த மையத்துக்குத்தான் போகும். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அப்படி ஒரு மையம். கடன் வாங்கி வேறெங்காவது சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அப்புறம் போகலாம் என்று நினைக்காதீர்கள், முதலில் பதிவு செய்யுங்கள்.

பரிசோதனையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் அந்த ஒரு முறை சிகிச்சை, அதாவது இன்னொருவரின் மஜ்ஜையை ஏற்றும் மஜ்ஜை மாற்று சிகிச்சைதான். அதற்கு முன் கொடுக்கும் கீமோ மருந்தும் கதிர்வீச்சும் டி.என்.ஏ.வைத்தான் தாக்கும். சரிசெய்யும் திறனே இல்லாத இந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான அளவில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். மஜ்ஜை தரப்போகும் அண்ணனோ தங்கையோ பார்க்க நன்றாக இருந்தாலும் அவர்களுக்கும் இதே பரிசோதனை வேண்டும், கூடப் பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்க 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்பே மரபணு ஆலோசனை பெறலாம். கருவில் பாலினம் பார்ப்பதுதான் குற்றம், பதிவு பெற்ற மையத்தில் மரபணு நோய்க்கான பரிசோதனையைச் சட்டம் அனுமதிக்கிறது.

மாற்று சிகிச்சை ரத்தத்தைத்தான் சரியாக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் அப்படியே இருக்கும். வளர்ந்த பிறகு புகையிலை, மது கூடவே கூடாது, வாயைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.