மிதிவெடி தேடும் நாயும் கச்சான் காற்றும்

ஷெல் விழுந்த நிலத்தில் உலோகங்காட்டி ஓயாமல் ஒலிக்கும். சன்னக்கோது, தகரத் துண்டு, ஆணி, முட்கம்பி எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு ஒலிக்கும் மிதிவெடி என்றே எண்ணித் தோண்டியாக வேண்டும். ஆனால் மரப்பெட்டியில் அடைத்த ஜொனி மிதிவெடியிலோ பிளாஸ்டிக் உறை போட்ட டைப் 72 மிதிவெடியிலோ உலோகம் மிகச் சொற்பம். மோப்ப நாய் உலோகத்தைத் தேடுவதே இல்லை; வெடிமருந்து கசிவதைத் தேடுகிறது. 2017 இல் மிதிவெடி அபாயம் நீங்கியதாக அறிவிக்கப்பட்ட மட்டக்களப்பின் மண்ணும் காற்றும் இந்தக் கசிவை எப்படி மாற்றும் என்று பார்த்தால், நாயின் வேலை தெளிவாகப் புரியும்.

வெடிமருந்தான ரி.என்.ரி. சாதாரண வெப்பநிலையில் அரிதாகவே ஆவியாகும். தயாரிப்பின்போது அதில் கொஞ்சம் தங்கிவிடும் டி.என்.ரி. என்ற சேர்மம் அதைவிட எளிதில் ஆவியாகும். பயிற்சி பெற்ற நாய்க்குப் பெரும்பாலும் எட்டுவது இந்த மணந்தான். அது உறையை ஊடுருவி, மூட்டுகளால் கசிந்து, மண் ஈரத்தோடு மேலேறுகிறது. இதற்கு வாரங்கள், சிலவேளை மாதங்கள் பிடிக்கும். அதனால்தான் பயிற்சி நிலத்தில் மாதிரிகளை மாதக்கணக்கில் முன்னரே புதைத்து வைக்கிறார்கள். நேற்றுப் புதைத்ததை நாய் கண்டுபிடித்தால், அது கிளறிய மண்ணின் மணமாகவும் இருக்கலாம்.

காய்ந்த மண் இந்த மூலக்கூறுகளை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் நீர் அந்த இடத்தைப் பிடிக்க, அவை காற்றில் கலக்கும். வறண்ட மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மட்டக்களப்பின் மேல்மண் வறண்டு கிடக்கும். எழும்பும் கொஞ்ச மணத்தையும் காற்று கலைத்துவிடும். விடியப்புறத்துப் பனி ஈரம் இருக்கும்போதே தேடுவது நல்லது. மாரியில் நிலைமை மறுபுறம்: தண்ணீர் தேங்கினால் மணம் எழாது. சரிவில் நீர் ஓடியிருந்தால் மணமும் வெடியைவிட்டுத் தள்ளிப் போயிருக்கும். ஆகவே நாய் காட்டிய புள்ளியை மட்டும் தோண்டினால் போதாது, சுற்றுப்புறத்தையும் பார்க்க வேண்டும்.

நாய் வினாடிக்கு 5 தடவை அளவில் மோப்பம் பிடிக்கும். வெளிமூச்சு மூக்கின் பக்கப் பிளவுகளால் போவதால், முன்னால் உள்ள மணம் அதிகம் கலையாது. ஆனால் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கும் நாய், தன்னைக் குளிர்விக்கிறதே தவிர மோப்பம் பிடிப்பதில்லை. அந்த நேரம் அதைத் தேட விடுவது ஆபத்து.

தேடும் முறையில் ஒன்று இது: கையால் துப்புரவாக்கிய பாதைகளுக்கு இடையே 10 மீற்றருக்கு 10 மீற்றர் கட்டம். கையாளுநர் பாதையில் நின்று நீண்ட வாரைப் பிடித்திருப்பார். நாய் நேர்கோட்டில் போய்த் திரும்பும். அடுத்த கோடு அதற்கு அருகிலேயே. மணம் பிடிபட்டால் உட்காரும். அதே கட்டத்தை இரண்டாவது நாயும் தனியாகத் தேடும். இரண்டில் ஒன்று உட்கார்ந்தாலும் அந்த இடம் கையால் தோண்டுபவரிடம் போகும். வெறும் இடத்தில் உட்கார்ந்தால் நேரம் போகும், தவறவிட்டால் கால் போகும்.

நாய் மணத்தை மட்டுமல்ல, வாரைப் பிடித்திருப்பவரையும் கவனிக்கிறது. அவர் ஓரிடத்தில் தயங்கினால், வாரை இறுக்கினால், அங்கேயே உட்கார்ந்துவிடலாம். அதனால் சோதனையில் மாதிரி எங்கே புதைந்திருக்கிறது என்பது கையாளுநருக்குத் தெரியக் கூடாது. களத்தில் நாட்கணக்கில் ஒன்றும் அகப்படாமல் போவதும் உண்டு. பரிசாகக் கொடுக்கும் பந்து கிடைக்காத நாய் சோர்ந்துபோகும், அல்லது பந்துக்காகப் பொய்யாக உட்காரும். தெரிந்த மாதிரி ஒன்றைத் தனியிடத்தில் தேடவிட்டுப் பரிசு கொடுத்தால் ஆர்வம் நிலைக்கும்.

நாயின் உடல்நலத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். பற்றைக்குள் போய்வந்த நாயின் காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி தேட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் வேலை நின்றுவிடும். அதற்குக் கொடுக்கும் டொக்ஸிசைக்கிளின், 2016 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மோப்பத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கவில்லை. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெற்றோனிடசோல் சில நாய்களின் மோப்பத்தைக் குறைத்தது. நிறுத்தி 10 நாளில் தேறின. அந்த மருந்து எடுத்த நாயை மறைத்து வைத்த மாதிரிகளில் மறுபடி சோதித்த பிறகே களத்தில் இறக்கலாம்.