மோட்: மேடாகப் பிறந்து பள்ளமான சொல்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர நடுவில் மோட் லேன் என்று ஒரு தெரு உண்டு. தமிழில் சொன்னால் அகழிச் சந்து. ஆனால் அங்கே அகழி எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு காலத்தில் டி பர்மிங்காம் என்ற நிலவுடைமைக் குடும்பத்தின் வீடு இருந்தது, அதைச் சுற்றி நீர் நின்றது. 1166-ல் இரண்டாம் ஹென்றி மன்னரிடம் சந்தை கூட்டும் உரிமையை வாங்கி அந்த ஊரைத் தூக்கிவிட்டவர்கள் இவர்கள்தான். 1815, 1816 ஆண்டுகளில் வீட்டை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். 1817-ல் அதன்மேல் ஸ்மித்ஃபீல்ட் சந்தை வந்தது. 1970-களில் அதே இடத்தில் மொத்த விற்பனைச் சந்தை கட்டத் தோண்டியபோது பழைய வீட்டின் கல் சுவர்கள் வெளியே தெரிந்தன. இப்போது மிச்சம் இருப்பது தெருப்பெயர்தான்.

அந்தப் பெயரில் உள்ள 'மோட்' என்ற சொல்லைத் தமிழில் 'அகழி' என்று எழுதுகிறோம். சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் பள்ளத்தைக் குறிக்கவில்லை. பழைய பிரெஞ்சில் 'மொத்' என்றால் மண்மேடு. பதினோராம் நூற்றாண்டில் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது, மண்ணைக் குவித்து உயர்ந்த மேடு எழுப்பி, அதன் உச்சியில் மரக்கோபுரம் கட்டினார்கள். அந்த மேட்டின் பெயர்தான் இது. மேடு எழுப்ப மண் வேண்டும், மண்ணைச் சுற்றுப்புறத்திலேயே வெட்டி எடுத்தார்கள், வெட்டிய இடம் பள்ளமானது. நாளடைவில் மேட்டின் பெயர் சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. மேட்டைக் குறிக்க 'மாட்' என்று பிரெஞ்சு எழுத்திலேயே ஒரு சொல்லைப் பிற்காலத்தில் தனியாக வைத்துக்கொண்டார்கள். ஆக ஆங்கிலத்தில் இவை இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இது அவ்வளவு விநோதம் இல்லை. வெட்டுகிறவனுக்குப் பள்ளமும் வரப்பும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். ஆங்கிலத்தில் 'டைக்' என்ற சொல்லும் இப்படித்தான்: ஓரிடத்தில் கரை, இன்னோரிடத்தில் வாய்க்கால்.

தமிழ் 'அகழி'யில் இந்தக் குழப்பம் இல்லை. அகழ் என்ற வினையிலிருந்து வந்தது, அகழப்பட்டது அகழி. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று குறளில் வரும் அதே அகழ். புறநானூற்றில் முதலைகள் நிறைந்த 'குண்டுகண் அகழி' வருகிறது. குண்டு என்றால் ஆழம். இதே வேரிலிருந்துதான் 'அகழாய்வு' என்ற சொல்லையும் அமைத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் அகழிக்கும் அகழாய்வுக்கும் எந்த உறவும் கிடையாது, தமிழில் அவை ஒரே வீட்டுக்காரர்கள். அகழியை அகழ்கிறார்கள் என்று நாம் சாதாரணமாகவே சொல்லலாம்.

இங்கே சின்னதாக ஒரு திருத்தம். தொல்லியல் என்பது துறை, அகழாய்வு அதன் ஒரு முறை. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இங்கிலாந்தின் அகழி வீடுகளைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி தோண்டாமலே தெரிந்தது: வயலில் கிடக்கும் செவ்வகப் பள்ளங்களை அளந்து, வானிலிருந்து படம் எடுத்து, பழைய வரைபடங்களைப் புரட்டி. அந்நாட்டு நிலஅளவைத் துறையின் வரைபடங்களில் தொல்சின்னங்களின் பெயரைப் பழைய கோதிக் எழுத்தில் அச்சிடுவது வழக்கம். ஒரு பண்ணை வயலின் நடுவில் அந்த எழுத்தில் 'மோட்' என்று கண்டால் ஆய்வாளர் வண்டியை நிறுத்திவிடுவார்.

அடுத்து 'மேனர்'. இதற்குத் தமிழ் தேடுவதுதான் தலைவலி. லத்தீனில் 'மனேரே' என்றால் தங்குதல், அது பழைய பிரெஞ்சு 'மனுவார்' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதைப் படித்ததும் நம்மவர் சிலருக்குக் கை துறுதுறுக்கும்: 'மனை', 'மன்னுதல்' எல்லாம் இருக்கிறதே, அப்படியானால் தமிழிலிருந்து போனதுதானே? இல்லை. ஒலி ஒத்துப்போவது தற்செயல். லத்தீன் சொல்லுக்கு அதன் குடும்பத்திலேயே கிரேக்க உறவு உட்பட முழு வரலாறு இருக்கிறது, நம் மனைக்கு நம் குடும்பத்தில் தனி வரலாறு. ஆனால் அந்தத் தற்செயலால் ஒரு லாபம் உண்டு. மொழிபெயர்க்கும்போது 'மனை' என்ற சொல் பொருளிலும் கச்சிதமாக உட்காருகிறது.

'மேனர்' என்பது வெறும் வீடு இல்லை. நிலம், அதில் உழுகிற குடிகள், அவர்கள் செலுத்தும் வாரம், வழக்குத் தீர்க்கும் சபை எல்லாம் சேர்ந்த ஓர் உடைமை. அந்த அமைப்பைப் 'பண்ணை' என்றும், அதன் தலைவர் இருக்கும் வீட்டைப் 'பண்ணைமனை' என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. 'ஜமீன் மாளிகை' என்று எழுதினால் வேறொரு நாட்டின் வேறொரு வரிமுறை உள்ளே நுழைந்துவிடும். அதைவிட மோசம், மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி வரும் 'கோட்டை'. அகழி என்றதும் நமக்கு வேலூர் நினைவுக்கு வந்துவிடுகிறது, அதனால் கை தானாகவே கோட்டை என்று எழுதிவிடுகிறது.

இந்த வீடுகள் கோட்டை இல்லை என்பதுதான் விஷயமே. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட அகழித் தளங்கள் ஏறக்குறைய 6,000 இருக்கின்றன. பெரும்பாலானவை 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூறாண்டில் தோண்டப்பட்டவை. எஸ்ஸெக்ஸ், சஃபோக் போன்ற கிழக்கு மாவட்டங்களிலும் நடுப்பகுதியிலும்தான் நெருக்கம் அதிகம். அங்கே களிமண் பூமி, தோண்டினால் தண்ணீர் நிற்கும். பகைவர் படையைத் தடுக்க இந்தப் பள்ளம் போதாது. சிலவற்றில் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும், சிலவற்றில் மழைக்காலத்தில் மட்டும் நீர் இருக்கும். பிறகு எதற்கு? திருடனையும் திரியும் மாட்டையும் வெளியே நிறுத்த, ஈரத் தரையை வடிக்க, மீன் வளர்க்க. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கிறவன் கண்ணில் பெரிய இடம் என்று தெரிய. பெரும் பிரபுவுக்கு அகழி சூழ்ந்த கோட்டை இருந்தால், சிற்றூர்ப் பண்ணையாருக்குச் சின்னதாக ஒன்றாவது வேண்டாமா?

ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே என்ற வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கட்டியவர் லட்லோ ஊர் லாரன்ஸ், கம்பளி வியாபாரி. 1291-ல் தன் வீட்டு மதிலில் ஞாயில் அமைக்க அரசரிடம் அனுமதி வாங்கினார். மதில் தலையில் பல்வரிசை போல வரும் அமைப்புக்குச் சங்கச் சொல்லான ஞாயில் பொருந்துகிறது. தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம். லாரன்ஸின் வீட்டிலோ, ஞாயிலும் அகழியும் ஒரு பக்கம் இருக்க, பெரிய கூடத்துக்கு அகல அகலமான சன்னல்கள். சண்டைக்குப் பயந்தவர் அப்படிச் சன்னல் வைக்க மாட்டார்.

சரி, அகழியை அகழ்ந்தால் என்ன கிடைக்கும்? நீர் நிற்கும் சேற்றில் காற்று புகாது, அதனால் அழுக வேண்டியவை அழுகுவதில்லை. தோல் செருப்பு, மரக் கிண்ணம், விதை, மகரந்தம், பாலத்தின் மரக்கால்கள் எல்லாம் தப்பிவிடும். மரக்காலின் ஆண்டு வளையங்களின் அகல வரிசையை, காலம் தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டு, அந்த மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லிவிட முடியும். பர்மிங்காமின் இன்னொரு பகுதியான வியோலியில், ஈரம் காத்ததால் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரச் சமையற்கட்டின் அடிப்பகுதியே கிடைத்தது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அகழியைத் தூர்வாருவார்கள். சமையலறைக் கழிவும் சில வீடுகளில் கழிப்பறையும் அதில்தான் போய் விழும், வாராமல் விட்டால் குடியிருக்க முடியாது. ஆகவே அடிச்சேற்றில் கிடக்கும் பானை ஓடு, கடைசியாகத் தூர்வாரியதற்குப் பிறகு விழுந்தது, அகழி தோண்டிய காலத்தைச் சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் நடுத் திட்டில் தோண்ட வேண்டும். அகழ்ந்த மண்ணைக் கொட்டித் திட்டை உயர்த்தியிருப்பார்கள். அந்தக் கொட்டிய மண்ணுக்கு அடியில் மூடிக்கிடக்கும் பழைய தரையில் இருக்கும் ஓடுகள்தான் சாட்சி. பள்ளத்தின் வயதை மேட்டிடம் கேட்க வேண்டியிருக்கிறது, 'மோட்' என்ற சொல்லைப் போலவே.

தூர்த்த அகழியும் பேசும். குளோஸ்டர்ஷயரின் ஆக்டன் கோர்ட்டில் 1535-ல் எட்டாம் ஹென்றி தங்க வருகிறார் என்று, நிக்கோலஸ் பாய்ன்ஸ் அவசர அவசரமாக ஒரு புதுப் பகுதியையே கட்டினார். அந்த மாளிகையின் அகழியைத் தோண்டியபோது, மன்னர் விருந்துக்கென்று வாங்கியதாகக் கருதப்படும் வெனிஸ் கண்ணாடிப் பாத்திரங்களும் வெளிநாட்டு மண்பாண்டங்களும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன.

இந்தத் தளங்களை மொத்தமாகக் குறிக்க 'அகழிமனை' என்று ஒரே சொல்லாக எழுதலாம். 'அகழி சூழ்ந்த பண்ணைமனைத் தளம்' என்று முதல்முறை விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொண்டால் வாசகருக்குக் குழப்பம் வராது. நீர் இல்லாதவற்றுக்கு வறண்ட அகழி போதும், அகழி என்ற சொல்லிலேயே நீர் இல்லை, தோண்டுதல்தான் இருக்கிறது.

அகழிக்குத் தமிழில் இன்னொரு பழைய பெயரும் உண்டு: கிடங்கு. திண்டிவனத்தை ஒட்டிய 'கிடங்கில்' என்னும் ஊர், சங்ககாலத் தலைவன் ஓய்மான் நல்லியக்கோடன் ஆண்ட கோட்டை ஊர், இந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. இன்றைக்குக் கிடங்கு என்று எழுதினால் அரிசி மூட்டை அடுக்கும் இடம் என்றுதான் படிப்பார்கள், அதனால் மொழிபெயர்ப்புக்கு இது உதவாது. ஆங்கிலத்தின் 'கோடவுன்' கூட மலாய் வழியாகப் போன நம் கிடங்குதான் என்று அகராதிகள் சொல்கின்றன. பர்மிங்காமில் பழைய பொருளில் கிடங்காக இருந்த இடத்தின்மேல்தான் மொத்த வியாபாரிகள் புதிய பொருளில் கிடங்கு வைத்தார்கள்.