கேண்டிடா: பெயரில் வெள்ளை, வாயில் சிவப்பு

நாள்பட்ட வாய்நோய் உள்ளவரின் நாக்கை வழித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், 'கேண்டிடா அல்பிகன்ஸ் வளர்ந்துள்ளது' என்று ஒரு வரியோடு அறிக்கை வரக்கூடும். அது வாயில் வாழும் ஒரு பூஞ்சையின் பெயர். இரண்டு சொல்லுமே லத்தீன். கேண்டிடஸ் என்றால் பளிச்சென்ற வெள்ளை. அல்பிகன்ஸ் என்றால் வெளுத்துக்கொண்டு வருவது. வெள்ளையடித்த சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தது போன்ற பெயர். பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் சுண்ணப்பொடி தேய்த்து வெளுத்த அங்கியோடு ஆதரவு கேட்டுத் திரிந்தார்கள். வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' அந்த அங்கியிலிருந்து வந்ததுதான். நம்மூர் வெள்ளை வேட்டி சட்டைக்கும் இந்தப் பூஞ்சைக்கும் அந்த வழியில் தூரத்து உறவு உண்டு. இது வாயில் தரும் நோயைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த உயிருக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. 1853இல் பிரான்ஸின் ஷார்ல் ஃபிலிப் ரோபன் இதை ஒய்டியம் அல்பிகன்ஸ் என்றார். பிறகு மொனிலியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். பழைய மருத்துவ நூல்களில் 'மொனிலியாசிஸ்' என்று வருவது இதே நோய்தான். ஆனால் பழங்களை அழுகச் செய்யும் பூஞ்சைகளும் மொனிலியா என்ற பெயரில்தான் இருந்தன. 1923இல் நெதர்லாந்தின் கிறிஸ்டின் பெர்க்ஹவுட் இதைத் தனியாகப் பிரித்துக் கேண்டிடா என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

ஏன் வெள்ளை? கைக்குழந்தையின் நாக்கில் தயிர்த் திப்பி போல ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். துணியால் துடைத்தால் அது உரிந்து வரும். கீழே சிவந்த தோல் தெரியும். பால் திப்பியா, நோயா என்று பாட்டிமார் துடைத்துப் பார்ப்பது சரியான சோதனைதான். சித்த மருத்துவத்தில் குழந்தைகளின் இத்தகைய வாய்ப்புண்ணுக்கு 'அக்கரம்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அது வாய்ப்புண்ணில் பல வகைகளுக்கும் பொதுவாக வழங்குவதால், இந்த ஒரு பூஞ்சைக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது.

சிக்கல் பெரியவர்களிடம்தான். ஷோக்ரன் நோய்க்குறியில் உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. வாய் காய்ந்துபோன இவர்களுக்குக் கேண்டிடா பெரும்பாலும் வெள்ளையாக வருவதில்லை. நாக்கு சிவந்து, வழவழப்பாகி, மிளகாய் பட்டால் தாங்காது. வாயோரம் வெடிக்கும். பல்செட்டைக் கழற்றாமலே தூங்குபவர்களுக்கு மேலண்ணத்தில் பல்செட்டின் அச்சு அப்படியே சிவப்பாகத் தெரியும். எல்லாம் கேண்டிடாவின் வேலை, வெள்ளை என்று காட்ட ஒன்றும் இருக்காது. நலக்கட்டுரைகளில் இந்த நோய்க்கு 'வெண்படலம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தவர் கண்ணாடியில் பார்த்து, 'நமக்கு வெள்ளை இல்லையே' என்று சும்மா இருந்துவிடுவார்.

இன்னொரு பக்கம், வெள்ளையாக இருப்பதெல்லாம் கேண்டிடாவும் இல்லை. லண்டனில் எராஸ்மஸ் வில்சன் 1869இல் விவரித்த லைக்கன் பிளானஸ், கன்னத்தின் உட்புறத்தில் பின்னல் வேலை போல வெள்ளைக் கோடுகளை இழைக்கும். துடைத்தால் போகாது. லைக்கன் என்பது பாறையிலும் மரப்பட்டையிலும் படரும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்த உயிரின் பெயர் என்பதால் இதுவும் பூஞ்சை நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, தோற்றம் பார்த்து வைத்த பெயர் அது. இதுவும் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால் வருவது, ஒட்டிக்கொள்ளாது. ஆனால் இதற்கு வாயில் தடவும் ஸ்டீராய்டு மருந்து அங்கிருக்கும் காவலைத் தளர்த்துவதால், கேண்டிடா அதன்மேல் குடியேற இடம் கிடைக்கிறது. சமாளித்துக்கொண்டிருந்த எரிச்சல் திடீரென்று கூடினால் மருத்துவர் இதையும் சந்தேகிப்பார்.

அந்தக் காவல் பெரும்பாலும் உமிழ்நீரில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் இந்த நீர், வாயைக் கழுவிவிடுவதோடு நிற்பதில்லை. கிருமிகளை எதிர்க்கும் லைசோசைம், லாக்டோஃபெரின், நோய்எதிர்ப்புப் புரதங்கள், அப்புறம் ஹிஸ்டாட்டின் எல்லாம் அதில் உண்டு. ஹிஸ்டாட்டினில் ஒரு வகை கேண்டிடாவை நேரடியாகவே கொல்லும். நீர் குறைந்தால் இவையும் குறையும், வாயில் அமிலத்தன்மை ஏறும். அது கேண்டிடாவுக்கு வசதி. எவ்வளவு சுரக்கிறது என்று அறிய, தலை குனிந்து உட்காரவைத்து, மெல்லாமல் விழுங்காமல் ஊறுவதைக் கோப்பையில் சேர்த்து அளப்பார்கள். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் சுரப்பு குறைவு. ஒவ்வாமை, மனச்சோர்வு மாத்திரைகளும், கழுத்துக்குத் தரும் கதிர்வீச்சும் வாயை இப்படிக் காயவைக்கும்.

தமிழில் இந்த நீருக்கு உமிழ்நீர், எச்சில் என்று இரண்டு பெயர். 'எஞ்சு' என்ற வினையிலிருந்து வந்த எச்சிலுக்கு மீந்தது, வாய் பட்டது என்பதே முதற்பொருள். மருத்துவம் எழுதும்போது உமிழ்நீர் பொருந்தும். 'எச்சில் குறைபாடு' என்பது காதுக்கு ஒட்டவில்லை.

கேண்டிடா ஒரு ஈஸ்ட். இலங்கைப் பாடநூல்கள் ஈஸ்டை 'மதுவம்' என்கின்றன. சாராயம் புளிக்கும் வேலையை வைத்து வந்த நல்ல சொல், ஆனால் வாய்க்குள் இருப்பதை மதுவம் என்றால் சிரிப்பு வரும். பூஞ்சையை அவர்கள் 'பங்கசு' என்பார்கள். 'பூஞ்சை' நமக்குப் பழகிய சொல். பழைய ஊறுகாய் பூஞ்சணம் பூக்கிறது என்று வீட்டிலேயே சொல்கிறோம்.

ஆகவே என் தேர்வு இது: உயிரின் பெயர் கேண்டிடா என்றே இருக்கட்டும், நோய்க்கு 'வாய்ப்பூஞ்சை நோய்'. நிறம் வேண்டாம். 'நோய்' என்ற சொல்லையும் விடக் கூடாது, ஏனென்றால் ஆரோக்கியமான பலர் வாயிலும் கேண்டிடா மொட்டுவிட்டுப் பெருகும் உருண்டைச் செல்லாகச் சும்மா இருக்கிறது. அது இழையாக நீண்டு தோலுக்குள் நுழையும்போதுதான் தொல்லை. அந்த இழைகள் கக்கும் கேண்டிடாலைசின் என்ற நஞ்சை 2016இல்தான் கண்டறிந்தார்கள். அறிக்கையில் 'வளர்ந்துள்ளது' என்று மட்டும் இருந்தால், அது கேண்டிடா இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவே. மருந்து வேண்டுமா என்பதை வாயைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.