பல்லேகலைப் பெட்டியும் யாழ்ப்பாணத்துத் திரையும்

கண்டிக்கு அருகே பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நிலஅதிர்வுமானி வேலை செய்கிறது. அதன் பதிவை யாழ்ப்பாணத்தில் என் மேசையிலிருந்தே பார்க்கிறேன். எரிமலைகளைக் கண்காணிக்க அமெரிக்காவில் எழுதப்பட்ட ‘ஸ்வார்ம்’ என்ற இலவச மென்பொருள் போதும். திரை ஒற்றைக்கோட்டுக் கொப்பியைப் போலிருக்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு வரி.

முதன்முறை பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: நிலநடுக்கமே இல்லை, பிறகு ஏன் கோடு ஆடுகிறது? அது கடல். அலைகள் கடலடியை ஓயாமல் அழுத்துவதால், மலைநாட்டு மானியும் ஆறேழு வினாடிக்கு ஒருமுறை மெல்ல அசைகிறது. சோளகம் எனும் தென்மேல் பருவக்காற்று பலத்துக் கடல் கொந்தளித்தால் கோடு தடிக்கும். ஒரு ஹேர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு ஒருமுறைக்கு, கீழுள்ள அசைவுகளை வடிகட்டினால் கடல் மறையும்; ஆனால் தொலைதூரப் பெருநடுக்கங்களின் மெதுவான அலைகளும் கூடவே போய்விடும். அதனால் வடிகட்டியது, வடிகட்டாதது என இரண்டு யன்னல்களைத் திறந்து வைத்திருப்பேன்.

‘நேரடி’ என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. மானியின் அளவுகள் 512 பைட் பொட்டலங்களாகவே வருகின்றன. பொட்டலம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் முழுதாக எழுதுவதற்குப் பதில் அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசம் மட்டும் அதில் சேமிக்கப்படுகிறது. நிலம் அமைதியாக இருந்தால் வித்தியாசம் சிறிது, பொட்டலம் ஆறுதலாக நிரம்பும். நிலம் குலுங்கினால் வித்தியாசம் பெருத்து, பொட்டலங்கள் மளமளவென்று வரும். எனக்கு மிகப் பிடித்த விசயம் இதுதான். பொட்டலங்களை இணையத்தில் அனுப்பும் ‘சீட்லிங்க்’ முறையில் ஒவ்வொன்றுக்கும் தொடர் இலக்கம் உண்டு. இணைப்பு அறுந்து மீண்டால், கடைசியாகக் கிடைத்த இலக்கத்தைச் சொல்லி விட்ட இடத்திலிருந்து கேட்கலாம்.

நேரம் கிரீன்விச் கணக்கில் வரும். நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கு மட்டும் ஆறு கூட்டுங்கள், அன்றைய இலங்கை நேரம் அப்படி. காலை 6.59க்குச் சுமாத்திராவில் தொடங்கிய நடுக்கத்தின் முதல் அலை, ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் கடந்து, நான்கு நிமிடத்துக்குள் பல்லேகலைக்கு வந்துவிட்டது. மெதுவாக வரும் இரண்டாம் நில அலை அதற்குப் பின் மூன்று நிமிடமளவில். இந்த இடைவெளியை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரைக்குக் கடல் ஏறிவர அதன் பிறகும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது.